வெள்ளிக்கிழமைக் கணக்கும் கரும்புக் கணக்கும்... ரிசர்வ் வங்கியை வழிநடத்திய அரியலூர்க்காரர்!

காந்தி படம் போட்ட ரூபாய் நோட்டு வரிசை 1996-ம் ஆண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த நோட்டுகளில் அசோகர் தூண் இருக்கும். அந்தப் புதிய வரிசையில் முதலில் வந்த 10 ரூபாய், 100 ரூபாய் நோட்டுகளை யாராவது பத்திரப்படுத்தி வைத்திருந்தால், அதில் ரிசர்வ் வங்கி கவர்னராகக் கையெழுத்துப் போட்டிருப்பவரின் பெயரைப் பார்க்கலாம்... சி.ரங்கராஜன். 1932-ம் ஆண்டு ஜனவரி 5-ம் தேதி அரியலூரில் பிறந்தவர்.

நோட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் பலர் உண்டு. ஆனால், அரசாங்கம் எவ்வளவு நோட்டு அடிக்கலாம் என்பதில் தொடங்கி, குத்தகை விவசாயிக்கு வங்கி எப்படிக் கடன் தரலாம், ஆலைக்கு வெட்டி அனுப்பிய கரும்புக்கு என்ன விலை தர வேண்டும் என்பது வரைக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் என்று பார்த்தால், இவர் ஒருவர்தான் முதலில் நினைவுக்கு வருவார். அந்தக் கணக்குகளில் சில, கிராமத்துக்குக் கை கொடுத்தன. சில, போட்ட காலத்தில் சரியாக இருந்து, பிறகு விவசாயியின் கையைக் கடித்தன. இரண்டையுமே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால், இன்றைக்கும் தமிழ்நாட்டில் கரும்புக்குக் கிடைக்கும் விலையின் பின்னால் இவருடைய குழு எழுதிய ஒரு சூத்திரம் நிற்கிறது.

வாத்தியார் வேலையில் தொடங்கி...

திருச்சி நேஷனல் கல்லூரி, சென்னை லயோலா கல்லூரி என்று படித்தவர், 1964-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கேயே சிலகாலம் பாடம் நடத்திவிட்டு, இந்தியாவுக்குத் திரும்பி அகமதாபாத் ஐ.ஐ.எம்-ல் பேராசிரியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவரை, 1982 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியின் துணை கவர்னராக அழைத்துக் கொண்டார்கள். ஒன்பதரை ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். மேலதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், இவர் மாறவில்லை. நாட்டின் பணப்பெட்டி எங்கே ஓட்டையாகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க இந்தக் காலம்தான் அவருக்கு உதவியது.

ஓட்டை பெரிதானது 1991-ல். இறக்குமதி செய்யும் பெட்ரோலுக்கும் உரத்துக்கும் சமையல் எண்ணெய்க்கும் டாலரில்தான் பணம் கட்ட வேண்டும். அந்த டாலர் கையிருப்பு சில வாரத் தேவைக்குக்கூடப் போதாத நிலை. அவசரத்துக்கு வீட்டு நகையை அடகு வைப்பது நம் ஊரில் புதிதல்ல. நாடும் அதையேதான் செய்தது. மே மாதம் 20 டன் தங்கம் ஸ்டேட் வங்கி மூலமாக சுவிட்சர்லாந்துக்குப் போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் கையிருப்பிலிருந்து ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கி, ஜப்பான் வங்கி ஆகியவற்றிடம் ஈடாக வைத்துச் சுமார் 40 கோடி டாலர் வாங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தக் கடன் அடைக்கப்பட்டுவிட்டது என்பது ஓர் ஆறுதல்.

அதே ஜூலை மாதம் 1-ம் தேதியும் 3-ம் தேதியும், இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. நிதியமைச்சர் மன்மோகன் சிங். அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு துணை கவர்னர் ரங்கராஜனிடம். முதல் குறைப்புக்கே எதிர்ப்பு கிளம்பியதால், இரண்டாவதை நிறுத்திவிடலாமா என்று பிரதமர் நரசிம்ம ராவ் தயங்கினார். 3-ம் தேதி காலையில் மன்மோகன் சிங் தொலைபேசியில் கேட்டபோது, ரங்கராஜன் ஏற்கெனவே அறிவிப்பை வெளியிட்டு முடித்திருந்தார். அழைப்பு கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பொருளாதாரம் படிப்பவர்கள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

சுமார் 21 ரூபாயாக இருந்த ஒரு டாலர் 26 ரூபாய்க்குப் போனது. இதில் விவசாயிக்கு என்ன? இரண்டு பக்கமும் உண்டு. முந்திரி, பருத்தி, அரிசி என்று ஏற்றுமதியாகும் பொருளுக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்க வழி பிறந்தது. மறுபக்கம், நம் நாட்டில் பொட்டாஷ் கிடையாது; முழுக்க இறக்குமதிதான். டாலர் விலை ஏறினால் பொட்டாஷ் மூட்டையின் அடக்க விலையும் ஏறும். அடுத்த ஆண்டே, 1992 ஆகஸ்ட்டில், மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு எடுத்தபோது, டி.ஏ.பி-யும் பொட்டாஷும் எட்டாத உயரத்துக்குப் போயின. விலை குறைவாக இருந்த யூரியாவை மட்டும் அள்ளிப் போடும் பழக்கம் வலுத்தது அதற்குப் பிறகுதான். உர விலையை விடுவித்தது அரசின் முடிவு. ரிசர்வ் வங்கியின் முடிவல்ல. ஆனாலும், டாலர் கணக்கு மாறினால் வயலில் போடும் உரத்தின் அளவும் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வெள்ளிக்கிழமை நோட்டு!

1992 டிசம்பர் 22-ம் தேதி ரங்கராஜன் ரிசர்வ் வங்கியின் கவர்னர் ஆனார். 1997 நவம்பர் வரை, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். இந்தக் காலத்தில் அவர் செய்ததில் மிகப் பெரிய வேலை எது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் டாலர் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்க விட்டதைச் சொல்வார்கள். 1993 மார்ச்சில் அது நடந்தது. ஆனால், கிராமத்து ஆள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று... அரசாங்கம் நினைத்தபோதெல்லாம் நோட்டு அடித்துக்கொள்ளும் வழியை அடைத்தது.

அது இப்படித்தான் நடந்து வந்தது. மத்திய அரசின் கணக்கு ரிசர்வ் வங்கியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கணக்கில் குறைந்தபட்சம் 50 கோடி ரூபாய் இருக்க வேண்டும் என்பது 1955-ல் செய்துகொண்ட ஏற்பாடு. குறைந்தால்? ஆளை அனுப்பி வசூலிக்க வேண்டியதில்லை, யாரிடமும் கடன் கேட்க வேண்டியதில்லை. ‘அட்ஹாக் கருவூலப் பத்திரம்’ என்று ஒரு காகிதத்தை அரசு எழுதிக் கொடுக்கும். ரிசர்வ் வங்கி அதை வாங்கிக்கொண்டு, அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைத்துவிடும். 1974-லிருந்து அதற்கு வட்டி வெறும் 4.6 சதவீதம். கெடுவும் பெயரளவுக்குத்தான். கெடு முடிந்தால் இன்னொரு காகிதம். தற்காலிகமாக என்று ஆரம்பித்த ஏற்பாடு, நாற்பது ஆண்டுகளுக்கு நிரந்தரமாகிவிட்டது.

கிராமத்து மளிகைக் கடையில், கடைக்காரரைக் கேட்காமல் நாமே கணக்கு நோட்டில் எழுதிவிட்டு அரிசியை எடுத்துப் போகலாம் என்றிருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது. வித்தியாசம் என்னவென்றால், மளிகைக் கடையில் நஷ்டம் கடைக்காரருக்கு. இங்கே நஷ்டம், புதிய பணம் சந்தைக்கு வந்து விலைவாசி ஏறும்போது அதைத் தாங்க முடியாதவர்களுக்கு.

‘விலை ஏறினால் விளைபொருளுக்கும் கூட விலை கிடைக்குமே... விவசாயிக்கு நல்லதுதானே’ என்று கேட்கலாம். பத்து ஏக்கர் நெல் அறுத்து, குடோனில் அடுக்கி வைத்து விற்பவருக்கு அது ஓரளவு பொருந்தும். ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர் அறுவடைக் களத்திலேயே விற்றுவிட்டு, ஆறு மாதம் கழித்து அரிசியும் பருப்பும் கடையில் வாங்குகிறார். அவர் விற்பதைவிட வாங்குவது அதிகம். கூலி வேலைக்குப் போகிறவருக்கோ சம்பளம் கடைசியாகத்தான் ஏறும். ஆகவே, நோட்டு அடிப்பதைத் தடுக்க வேண்டும் என்று ஒரு கவர்னர் பிடிவாதம் பிடித்தால், அது பம்பாய் பங்குச்சந்தைக்காரர்களின் விவகாரம் மட்டும் அல்ல.

1994 செப்டம்பர் 9-ம் தேதி, மன்மோகன் சிங் நிதியமைச்சராக இருந்தபோது, அரசும் ரிசர்வ் வங்கியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த நிதியாண்டின் முடிவில் அட்ஹாக் பத்திரங்களின் நிகர உயர்வு 6,000 கோடி ரூபாயைத் தாண்டக்கூடாது. நடுவில் 9,000 கோடியைத் தொட்டாலும், தொடர்ந்து பத்து வேலைநாளுக்கு மேல் அப்படியே இருக்கக்கூடாது. மூன்று ஆண்டுகளில் அந்தப் பழக்கத்தையே விட்டுவிட வேண்டும். குடிப்பவரைத் திருத்துவதுபோல, படிப்படியாக. ஆட்சி மாறி, ப.சிதம்பரம் நிதியமைச்சரான பிறகும் அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது. 1997 ஏப்ரல் 1-ம் தேதியிலிருந்து அட்ஹாக் பத்திரம் ஒழிந்தது. அதற்குப் பதிலாக, அளவு குறிப்பிட்டு, குறித்த நாளில் திருப்பிக் கட்ட வேண்டிய ‘வழிவகை முன்பணம்’ வந்தது.

மாணவராக இருந்த காலத்திலிருந்து படித்ததையும், துணை கவர்னராக இருந்து பார்த்ததையும் சட்டையைப் பிடித்துச் சண்டை போடாமல் நடத்திக் காட்டினார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தன்னை நியமித்த அரசிடமே ‘இனி கேட்டால் கிடைக்காது’ என்று எழுதி வாங்குவது சாதாரண வேலை அல்ல.

100 ரூபாய் டெபாசிட்டில் விவசாயிக்கு எவ்வளவு?

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் வங்கிக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு 100 ரூபாய் டெபாசிட்டிலும் ரூ.63.50 வரைக்கும் அரசுப் பத்திரத்துக்கும் ரிசர்வ் வங்கியின் ரொக்கக் கையிருப்புக்கும் போய்விடும். மீதி ரூ.36.50-ல்தான் தொழிற்சாலை, வியாபாரம், விவசாயம் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ரங்கராஜன் பதவியிலிருந்து இறங்கும்போது, அரசுப் பத்திரத்துக்கான கட்டாயப் பங்கு 25 சதவீதமாகவும், ரொக்கக் கையிருப்பு சுமார் 10 சதவீதமாகவும் குறைந்திருந்தன.

அப்படியானால், விடுபட்ட பணம் விவசாயத்துக்கு வந்திருக்க வேண்டுமே? அவ்வளவாக வரவில்லை. கட்டாயம் இல்லாவிட்டாலும், ‘பத்திரமான இடம்’ என்று வங்கிகள் அரசுப் பத்திரங்களையே தேவைக்கு மேல் வாங்கி வைத்துக்கொண்டன. வங்கிகள் லாபத்தில் நடக்க வேண்டும் என்ற நெருக்கடியில், கிராமக் கிளைகள் சுமையாகத் தெரிந்தன. 1991-ல் நாடு முழுவதும் சுமார் 35,000 கிராமப்புற வங்கிக் கிளைகள் இருந்தன. அடுத்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் அவை 32,000 என்ற அளவுக்குச் சுருங்கின. சீர்திருத்தம் பற்றிப் பெருமையாக எழுதுபவர்கள் இந்த எண்ணை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

நல்லது நடக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. முன்னுரிமைக் கடன் பங்கை 40 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கச் சொல்லி நரசிம்மம் குழு 1991-ல் பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை, 40 சதவீதமும், அதில் விவசாயத்துக்கான 18 சதவீதமும் அப்படியே நின்றன. 1994-ல் 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடன்களின் வட்டியை வங்கிகளே தீர்மானிக்கலாம் என்று விட்டபோதும், 25,000 ரூபாய் வரையிலான சிறு கடனுக்கு 12 சதவீத வட்டி என்ற வரம்பு தொடர்ந்தது. பெரிய நிறுவனங்கள் அதைவிட அதிக வட்டி கட்டிக்கொண்டிருந்த காலம் அது.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் வங்கிக் கடன் வாங்குவது இன்று ஊருக்கு ஊர் சாதாரணம். 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வைத்துச் சோதனையாகத்தான் அதை ஆரம்பித்தது. தர்மபுரியில் 1989-லேயே விதை போட்டிருந்த தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. சொத்து ஈடு இல்லை, கணக்கு எழுதத் தெரியுமா என்று சந்தேகம், எந்தத் தலைப்பில் கடனைக் காட்டுவது என்று குழப்பம் எனப் பல வங்கி மேலாளர்கள் தயங்கினார்கள். 1996 ஏப்ரலில், குழுக்களுக்குத் தரும் கடனும் வழக்கமான முன்னுரிமைக் கடன்தான் என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியது. மேலாளரின் மேஜையில் இருந்த சாக்கு ஒன்று அன்றோடு போனது.

நபார்டு நிதியில் கட்டப்பட்டது என்று தடுப்பணையிலும் பாலத்திலும் எழுதியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்த ஊரகக் கட்டமைப்பு மேம்பாட்டு நிதியும் 1995-96-ல் 2,000 கோடி ரூபாயுடன் ஆரம்பித்ததுதான். விவசாயத்துக்குத் தர வேண்டிய 18 சதவீதக் கடனைத் தராத வங்கிகள், குறையும் தொகையை நபார்டிடம் கட்ட வேண்டும். அதை மாநில அரசுகள் கடனாக வாங்கிப் பாசனம், சாலை, பாலம் என்று செலவு செய்யலாம். திட்டம் நல்லதுதான். ஆனால், விவசாயியின் வீட்டு வாசலுக்கு அலைந்து கடன் கொடுப்பதைவிட, ஒரே காசோலையில் நபார்டுக்குக் கட்டிவிடுவது சுலபம் என்று வங்கிகளுக்குத் தோன்றவும் இது வழி செய்துவிட்டது.

பத்து ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது...

கவர்னர் பதவிக்குப் பிறகு ஆந்திராவின் ஆளுநர், ஒடிசாவுக்குக் கூடுதல் பொறுப்பு, 2001-02-ல் சில மாதங்கள் தமிழ்நாட்டுக்கும் பொறுப்பு ஆளுநர் என்று இருந்தார். ஓ.பன்னீர்செல்வம் முதல் முறையாக முதல்வர் பதவியேற்றது இவர் முன்னிலையில்தான். 2002-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. 12-வது நிதிக் குழுவின் தலைவராக, 2005 முதல் 2010 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு ஊராட்சிகளுக்கென்று 20,000 கோடி ரூபாய் மானியம் பரிந்துரைத்தார். குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் முதலிடம் கொடுக்கச் சொன்னார். பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவர் பதவியும் பல ஆண்டுகள் அவரிடம் இருந்தது.

இவற்றுக்கு நடுவே, 2008 ஜனவரியில் அவர் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கைதான் கிராமத்துக்கு முக்கியம். வங்கிச் சேவை யாருக்கெல்லாம் கிடைக்கவில்லை என்று அந்தக் குழு எண்ணியது. நாட்டில் இருந்த 8.93 கோடி விவசாயக் குடும்பங்களில் 51.4 சதவீதக் குடும்பங்களுக்கு வங்கியிலும் கடன் இல்லை, வெளியிலும் கடன் இல்லை. வங்கி, கூட்டுறவு போன்ற முறையான இடங்களில் கடன் வாங்கியிருந்தவை வெறும் 27 சதவீதம். தான் கவர்னராக இருந்த காலத்தையும் உள்ளடக்கிய ஒரு கணக்கை அவரே எடுத்து வைத்தார் என்பது பாராட்டத்தக்கது.

இந்தக் கணக்கில் ஒரு வில்லங்கமும் உண்டு. கடன் இல்லாத விவசாயி எல்லோரும் கடன் கிடைக்காத விவசாயி அல்ல. சேமிப்பிலேயே சாகுபடி செய்பவரும், ‘கடனே வேண்டாம் சாமி’ என்று ஒதுங்கியவரும் அந்த 51.4 சதவீதத்துக்குள் அடங்கியிருப்பார்கள். அதே நேரம், 27 சதவீதம் என்ற எண்ணை யாரும் மறுக்க முடியாது. கந்து வட்டிக்காரருக்கு ஏன் அவ்வளவு வேலை இருந்தது என்பதற்கு அது போதும்.

அந்த அறிக்கை சொன்னவற்றில் சில இன்று நம் கண் முன்னே நடக்கின்றன. ஒவ்வொரு கிராமக் கிளையும் ஆண்டுக்குக் குறைந்தது 250 புதிய குடும்பங்களைச் சேர்க்க வேண்டும். கிளை இல்லாத ஊருக்குக் கைக்கருவியோடு போய்ப் பணம் தரும் வங்கி முகவர்களைப் பரவலாக்க வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் செய்பவர்களைச் சிறு குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் ஜாமீன் என்ற முறையில் கடன் தர வேண்டும் என்றெல்லாம் சொன்னது. 100 நாள் வேலைச் சம்பளத்தை ஊருக்குள்ளேயே கைரேகை வைத்து எடுப்பது இதன் தொடர்ச்சிதான். குத்தகைதாரர்களுக்கான கூட்டுப் பொறுப்புக் குழு மட்டும் இன்னும் நொண்டிக்கொண்டே இருக்கிறது. சிட்டா, அடங்கல் யார் பெயரில் என்று கேட்காத மேலாளர் கிடைப்பது அபூர்வம்.

2014-ல் வறுமைக்கோடு பற்றி அவர் கொடுத்த அறிக்கை பெரிய சர்ச்சையானது. கிராமத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 32 ரூபாய்க்கு மேல் செலவு செய்தால் அவர் ஏழை அல்ல. நகரத்தில் 47 ரூபாய். ஐந்து பேர் கொண்ட கிராமத்துக் குடும்பத்துக்கு மாதம் 4,860 ரூபாய். இது 2011-12 விலைவாசிப்படி. அதற்கு முந்தைய டெண்டுல்கர் குழுவின் கோட்டைவிட இது உயர்வுதான். இருந்தாலும், 32 ரூபாயில் ஒரு நாளை ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கு, எந்தப் பொருளாதார நிபுணரிடமும் பதில் இல்லை.

கரும்பு டன்னுக்கு 75 சதவீதம்... கணக்கு எங்கே இடித்தது?

2012 ஜனவரியில் சர்க்கரைத் துறையை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர் ரங்கராஜன். அக்டோபரில் அறிக்கை வந்தது. ரேஷனுக்காக ஆலைகள் 10 சதவீத சர்க்கரையைக் குறைந்த விலையில் தரும் ‘லெவி’ முறையை எடுத்துவிட வேண்டும். எந்த மாதம் எவ்வளவு விற்கலாம் என்று அரசு சொல்வதை நிறுத்த வேண்டும். விவசாயி இந்த ஆலைக்குத்தான் தர வேண்டும் என்று பகுதி பிரித்துக் கட்டிப்போடுவது போக வேண்டும். இரண்டு ஆலைகளுக்கு இடையே குறைந்தது 15 கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்ற விதியும் போக வேண்டும்.

முதல் இரண்டும் ஆலைகளுக்குச் சாதகமானவை. 2013 ஏப்ரலில் மத்திய அரசு அவற்றை உடனே ஏற்றுக்கொண்டது. பின்னால் உள்ள இரண்டும் விவசாயிக்குச் சாதகமானவை. அவை மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டன. கட்டிங் ஆர்டருக்காக ஆலை அலுவலகத்தில் காத்திருக்கும் விவசாயிக்கு, அந்த விருப்பம் என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை.

விலைக்குத்தான் ஒரு சூத்திரம் சொன்னார்கள். கரும்பை வெட்டி அனுப்பியதும், மத்திய அரசின் நியாயமான மற்றும் ஆதாய விலையை (எஃப்.ஆர்.பி) முதல் தவணையாகக் கொடுத்துவிட வேண்டும். பிறகு, ஆலை வாசலில் சர்க்கரை சராசரியாக என்ன விலைக்கு விற்றது என்பதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிவிக்க வேண்டும். சர்க்கரை, சக்கை, மொலாசஸ், ஆலைக்கழிவு மண் ஆகியவற்றின் மதிப்பில் 70 சதவீதம் அல்லது சர்க்கரையின் மதிப்பில் மட்டும் 75 சதவீதம் விவசாயியின் பங்கு. அது முதல் தவணையைவிட அதிகமாக இருந்தால், வித்தியாசத்தை இரண்டாவது தவணையாகத் தர வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிழிதிறன் 9.5 சதவீதம் என்றால், ஒரு டன் கரும்பில் 95 கிலோ சர்க்கரை. அறிக்கை வந்த 2012-13 பருவத்தில் எஃப்.ஆர்.பி டன்னுக்கு 1,700 ரூபாய். சர்க்கரை கிலோ 24 ரூபாயைத் தாண்டினாலே 75 சதவீதப் பங்கு 1,700-ஐ மிஞ்சிவிடும். அப்போது ஆலை வாசல் விலை அதைவிட நன்றாகவே மேலே இருந்தது. ஆக, போட்ட அன்றைக்குக் கணக்கு சரி. விவசாயிக்கு இரண்டாவது தவணை நிச்சயம்.

தமிழ்நாட்டில் அன்றைக்கு வேறு முறை இருந்தது. எஃப்.ஆர்.பி-க்கு மேல் மாநில அரசு ஒரு பரிந்துரை விலையை அறிவிக்கும். 2016-17-ல் எஃப்.ஆர்.பி 2,300 ரூபாய். மாநில விலை, வண்டி வாடகையோடு சேர்த்து 2,850 ரூபாய். தனியார் ஆலைகள் அந்தக் கூடுதல் தொகையைத் தராமல் இழுத்தடித்ததால் நிலுவை மலையாகக் குவிந்தது. கடைசியில், 2018-ல் சட்டம் போட்டு, 2017-18 பருவத்திலிருந்து மாநில விலையைக் கைவிட்டு, ரங்கராஜன் குழு சொன்ன வருவாய்ப் பங்கீட்டு முறைக்கு மாறியது தமிழ்நாடு.

அதற்குள் கணக்கு தலைகீழாகிவிட்டது. எஃப்.ஆர்.பி ஆண்டுதோறும் ஏறியது. சர்க்கரை விலை அந்த வேகத்தில் ஏறவில்லை. 2018-19 பருவத்தில், 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ பிழிதிறன் உள்ள கரும்புக்கு எஃப்.ஆர்.பி 2,612.50 ரூபாய். 2019 பிப்ரவரியில் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச சர்க்கரை விற்பனை விலை கிலோ 31 ரூபாய். 95 கிலோவுக்கு 2,945 ரூபாய். அதில் 75 சதவீதம் சுமார் 2,209 ரூபாய். எஃப்.ஆர்.பி-யைவிட 400 ரூபாய் குறைவு! சர்க்கரை 36 ரூபாய் 67 காசைத் தாண்டினால்தான் இரண்டாவது தவணை என்ற பேச்சே வரும்.

அதாவது, மாநில விலையும் போனது. பங்கீட்டில் கிடைக்க வேண்டியதும் வரவில்லை. 2017-18-ல் எஃப்.ஆர்.பி 2,550 ரூபாயோடு அரசு 200 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 2,750 ஆக்கியது. முந்தைய ஆண்டின் அறிவிப்பைவிட அது 100 ரூபாய் குறைவு.

மகாராஷ்டிராவும் கர்நாடகாவும் 2013-லேயே இந்த முறைக்குச் சட்டம் போட்டன. மகாராஷ்டிராவில் பிழிதிறன் நம்மைவிட அதிகம். ஒரு டன்னில் 110 கிலோவுக்கு மேலேயே சர்க்கரை எடுக்கும் பகுதிகள் உண்டு. உத்தரப்பிரதேசமோ மாநில விலையைக் கடைசிவரை விடவில்லை. பங்கீட்டுத் தொகை எஃப்.ஆர்.பி-யைவிடக் குறையும்போது விவசாயிக்கு எஃப்.ஆர்.பி கிடைக்க, ஆலைக்கு அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட ஒரு விலை நிலைநிறுத்த நிதி வேண்டும் என்று விவசாயச் செலவு மற்றும் விலை ஆணையம் சொன்னது. அதுவும் காகிதத்தோடு நிற்கிறது. சக்கை, மொலாசஸ் வரைக்கும் பங்கு சொன்ன சூத்திரத்தில், அதற்கு அடுத்த கட்டமாகத் தயாராகும் மின்சாரத்துக்கும் எத்தனாலுக்கும் தனிப் பங்கு கிடையாது என்பது கரும்பு விவசாயச் சங்கங்கள் எழுப்ப வேண்டிய அடுத்த கேள்வி.

2024-25 அரவைப் பருவத்தில் தமிழ்நாட்டு விவசாயிக்கு உரிய எஃப்.ஆர்.பி டன்னுக்கு 3,151 ரூபாய். மாநில அரசு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை அறிவித்து 3,500 ஆக்கியது. ரங்கராஜன் குழுவின் சூத்திரப்படி 3,151-ஐத் தாண்ட வேண்டுமானால், ஆலை வாசலில் சர்க்கரை கிலோ 44 ரூபாய்க்கு மேல் விற்றிருக்க வேண்டும். 2025-26 பருவத்துக்கு எஃப்.ஆர்.பி, 9.5 சதவீதப் பிழிதிறனுக்கு 3,290 ரூபாய் 50 காசு. சர்க்கரை 46 ரூபாயைத் தாண்ட வேண்டும். அரவை முடிந்ததும் ஆலையில் விவசாயிகள் கேட்டு வாங்க வேண்டிய தாள்கள் இரண்டு. ஒன்று, அந்தப் பருவத்தின் சராசரிப் பிழிதிறன். இன்னொன்று, சர்க்கரையின் சராசரி ஆலை வாசல் விலை. பிழிதிறனைப் பத்தால் பெருக்கினால் ஒரு டன்னில் கிடைத்த சர்க்கரை, கிலோ கணக்கில். அதை விலையால் பெருக்கி, முக்கால் பங்கைக் கையில் வாங்கிய தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பாக்கி உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்.